வீட்டுக்காரன் எங்கே நிற்க வேண்டும்?



வாடகை தரவில்லை என்பதற்காக ஒரு ஏழைக் குடும்பத்தை ஒரு விசுவாசி காலி பண்ணச் சொல்லலாமா? இந்தக் கேள்வி என் வாசலிலேயே வந்து நின்றது. அதைச் சாட்சியாக எழுத ஆவியானவர் ஏவினபடியால் எழுதுகிறேன்.

நான் காட்டுப்பள்ளிக் குப்பத்தில் பிறந்தவன். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி. 2013-ல் இயங்கத் தொடங்கிய துறைமுகத்துக்காக நாங்கள் கரையை விட்டு முன்னமே இடம் மாறினோம். அன்றைக்கு என் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரங்களைக் கோணிப்பையில் போட்டுக் கட்டினது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிற்பாடு கர்த்தருடைய கிருபையால் மீஞ்சூரில் ஒரு சின்ன வீடு கட்டி, பக்கத்தில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டேன். 2023-ல் அதில் குடியிருந்தவர் காசிமேட்டில் விசைப்படகுக்குக் கூலியாகப் போகிற ஒரு தம்பி. மனைவி, இரண்டு பிள்ளைகள். வாடகை 3,500 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு போகாவிட்டால் கூலி ஏது? இரண்டு மாத வாடகை நின்றுபோனது. எனக்கோ மகளுடைய காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து புரோக்கர் வந்து, "அண்ணே, கான்ட்ராக்ட் வேலைப் பசங்க இருக்காங்க, 5,000 தரத் தயார்" என்றார். என் மனசு அங்கே போய்விட்டது. பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் போய்க் கதவைத் தட்டினேன். நான் வாய் திறக்கும் முன்னே அந்தச் சகோதரி, "தெரியும் அண்ணே, மாசக் கடைசிக்குள்ள போயிடுறோம்" என்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கோணிப்பை கட்டியிருந்தது. பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி முழங்காலில் நின்றபோது உபாகமம் 24-ஆம் அதிகாரத்தை கர்த்தர் நினைப்பூட்டினார். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்கிறது அந்தக் கட்டளை. கடன் கடன்தான், அதைத் தேவன் தள்ளிவிடவில்லை. ஆனால் கேட்கிறவன் எங்கே நிற்க வேண்டும் என்று கோடு போட்டிருக்கிறார். அந்த வாசற்படிக்குள்ளே ஏழையின் மானம் இருக்கிறது.

"வீடு என்னுடையது தானே ஆண்டவரே" என்றேன். லேவியராகமம் 25-ன்படி தேசம் அவருடையது, நாமெல்லாம் அவரிடத்தில் புறக்குடிகள். நம் ஏரிக்கரை ஜனங்களுக்கு இது புரியும். பழவேற்காட்டில் பாடு முறை உண்டு. சீட்டுப் போட்டு, யார் எந்த இடத்தில், என்றைக்கு வலை கட்டுவது என்று முறை வைப்பார்கள். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு இன்னொருவன் முறை. தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. பாடு இல்லாதவன் கரையில் நிற்கிற வேதனையும் நமக்குத் தெரியும். பட்டா என் பேரில் இருந்தாலும் வீடும் எனக்கு ஒரு பாடுதான்.

சட்டம் எனக்கு வழி வைத்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதே சட்டம் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது என்கிறது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 29-ல், தொழிலாளரிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாதென்று மத்திய அரசே உத்தரவிட்டது. அரசாங்கம் சொன்னால்தான் விசுவாசி இரங்க வேண்டுமா?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கையில் இருந்தும் தராதவன் வேறு, இல்லாமல் தவிக்கிறவன் வேறு. இருந்தும் தராதவன் வீட்டுக்காரனிடம் திருடுகிறான். வாடகையை நம்பியே மருந்து வாங்குகிற விதவைத் தாய்மார் நம் சபையிலும் உண்டு. அவர்களைப் பார்த்து, "நீங்களே பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பது நியாயமா? ஆதிச் சபையில் குறைவுபட்டவன் ஒருவனும் இல்லாதிருக்க, நிலமும் வீடும் உள்ளவர்கள் விற்றுக் கொண்டுவந்தார்கள் என்று அப்போஸ்தலர் 4-ல் வாசிக்கிறோம். பாரம் ஒரு வீட்டுக்காரன் தலையில் மட்டும் விழவில்லை, சபை சேர்ந்து சுமந்தது.

நான் செய்தது பெரிய காரியமில்லை. மறுநாள் திரும்பப் போய், வாசலுக்கு வெளியே நின்றே பேசினேன். பாதி வாடகை கடல் திறந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. பாஸ்டரிடம் சொன்னேன், சபை உதவிப் பணத்தில் ஒரு மாதம் கிடைத்தது. மிச்சம் எனக்கு வரவில்லை. மகளுடைய பீஸுக்குக் கடன் வாங்கித்தான் கட்டினேன், இரட்டிப்பாய்த் திரும்பி வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோணிப்பைகள் அவிழ்ந்தன. அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வந்தது.

பிரியமானவர்களே, வீடு வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள் காலி பண்ணச் சொல்லும் முன் ஒரு ராத்திரி ஜெபியுங்கள். அவர்களிடம் ஏன் இல்லை என்று கேளுங்கள். குடியிருக்கிறவர்கள் முகத்தை மறைக்காதீர்கள், கஷ்டத்தை முன்னமே சொல்லுங்கள். சபையார் யார் வீட்டில் கோணிப்பை கட்டியிருக்கிறது என்று விசாரியுங்கள்.

பரலோகத்தில் நமக்கு வாசஸ்தலம் ஆயத்தம் பண்ணுகிறவர் நம்மிடம் வாடகை கேட்கவில்லையே! அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென். மாரநாதா!