கருவிக்குக் குளிருமா?

பிரிட்டனில் வீடுகளுக்கு ஹீட் பம்ப் பொருத்துகிறவர்கள், வெளிக்காற்றை அளக்கும் சென்சார் தனியாக வந்தால் அதற்கு வடக்குச் சுவரில் இடம் தேடுவார்கள். தெற்குச் சுவரில் மாட்டினால் பிப்ரவரி வெயில் நேராக அதன்மேல் விழும். காற்று 4 டிகிரியில் இருக்க, சென்சார் 14 என்று சொல்லும். பம்ப் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டைக் குறைத்துவிடும். வீட்டுக்குள் இருப்பவர்கள் ஸ்வெட்டரைத் தேடுவார்கள். பழுது பார்க்க வருபவர், வெளியே இதமாக இருப்பதாக மெஷின் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்பார்.

அதைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. தத்துவவாதிகள் மட்டும் திடுக்கிட்டிருக்கிறார்கள். கல் தப்பாக நினைக்காது. நினைக்கத் தெரிந்தது எதுவோ அதுதான் தப்பாக நினைக்கும். அப்படியானால் இந்த மெஷின் எந்தப் பக்கம்?

செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கே பெயர் வைத்த ஜான் மெக்கார்த்தி, 1979-ல் வெளியான ஒரு கட்டுரையில், தெர்மோஸ்டாட் போன்ற எளிய கருவிக்குக்கூட நம்பிக்கைகள் இருப்பதாகச் சொல்லலாம் என்று வாதிட்டார். என்ன நம்பிக்கைகள்? அறை அதிகச் சூடு, அதிகக் குளிர், சரியாக இருக்கிறது. இந்த மூன்றுதான். அடுத்த ஆண்டே தத்துவவாதி ஜான் சர்ல், ‘சீன அறை’ வாதத்தை முன்வைத்த தம் கட்டுரையில் இதைக் கடுமையாக மறுத்தார். மனிதருக்கு நம்பிக்கைகள் உண்டு, தெர்மோஸ்டாட்டுக்கு இல்லை என்பதில்தான் மனத்தைப் பற்றிய ஆராய்ச்சியே தொடங்க வேண்டும். அந்த வேறுபாட்டை அழிக்கிற கோட்பாடு தொடங்கும்போதே தோற்றது என்பது அவர் கட்சி.

இருவரும் பேசியது சுவரில் மாட்டும் பழைய தெர்மோஸ்டாட்டைப் பற்றி. அதன் பிறப்பே சுவையானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883-ல் காப்புரிமை பெற்ற மின் தெர்மோஸ்டாட், வகுப்பறையின் சூடு மாறியதும் அடித்தளத்தில் இருந்த பணியாளருக்கு மணியடித்துத் தெரிவித்தது. வகுப்பு வகுப்பாக ஏறி வந்து எட்டிப் பார்க்கும் வேலை அவருக்கு மிச்சமானது. கருவி மணியடித்தது, மணி எதைச் சொல்கிறது என்று அறிந்தவர் அவர். ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின் மெக்கார்த்தியும் சர்லும் மோதியது, அந்தப் பணியாளரை நீக்கிவிட்ட பிறகு அறிதல் எங்கே போனது என்பதைப் பற்றித்தான்.

இன்றைய ஹீட் பம்ப் இந்தச் சர்ச்சையைச் சிக்கலாக்குகிறது. குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்தே வெப்பத்தை இறைத்து வீட்டுக்குள் கொண்டுவரும் இயந்திரம் அது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தரும். ஆனால் அந்தக் கணக்கு பலிப்பது முதல் இயக்கத்தையும் பிறகு செய்யும் திருத்தங்களையும் பொறுத்தது. குழாய்களில் அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். சில மாடல்களில் கம்ப்ரசரின் எண்ணெயோடு கலந்துவிட்ட குளிரூட்டித் திரவம் பிரிவதற்காக, இயக்குமுன் பல மணி நேரம் மின்சாரத்தை மட்டும் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு தண்ணீரின் ஓட்டம்: போகும் சூட்டுக்கும் திரும்பும் சூட்டுக்கும் பொதுவாக 5 டிகிரி வித்தியாசம் இருக்கும்படி வைப்பார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் ‘ஹீட்டிங் கர்வ்’. வெளியே இவ்வளவு குளிர் என்றால் தண்ணீர் இவ்வளவு சூடு என்று இயந்திரத்துக்குக் கொடுக்கும் ஒரு கோடு. வெளியே மைனஸ் 3 என்றால் தண்ணீர் 45, வெளியே 15 என்றால் 28 என்பதுபோல. தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி குறைத்தால் மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் மிச்சம். அதனால் வீட்டில் குளிராத அளவுக்குக் கோட்டைக் கீழே இறக்குவார்கள். ஒரு படி இறக்கிவிட்டு ஒன்றிரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். தரைக்கடியில் குழாய் ஓடும் வீட்டில் காங்கிரீட் சூடேறவும் ஆறவும் பல மணி நேரமாகும். மாலையில் மாற்றிவிட்டு இரவுக்குள் பலன் தேடுகிறவர் மறுபடி மறுபடி திருகி, எது எதனால் நடந்தது என்றே தெரியாத நிலைக்கு வந்துவிடுவார். இங்கே பொறுமை வெறும் குணமல்ல, அளவுக் கருவியும்கூட.

தத்துவவாதி டேனியல் டென்னட் 1981-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த இடத்தில் உதவுகிறது. எளிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வேறெதையாவது கட்டுப்படுத்தும் வேலைக்கு மாட்டிவிடலாம். ஆகவே அதன் ‘நம்பிக்கை’ சூட்டைப் பற்றியது என்று சொல்வதற்கே பிடிப்பு இல்லை என்றார் அவர். புலன்களைக் கூட்டக் கூட்டக் கருவி உலகத்தோடு பிணைகிறது. அப்போது அது எதைப் பற்றி நம்புகிறது என்பதும் தெளிவாகிறது. பல சென்சார்களோடு, ஒரு குளிர்காலம் முழுக்கச் சரிசெய்யப்பட்ட ஹீட் பம்ப் அப்படிப் பிணைந்த ஒன்று. அதன் கோட்டை அடுத்த வீட்டுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது. அந்த வீட்டின் சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பது அந்தக் கோட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் பிணைப்பு மட்டும் போதுமா? தொல்காப்பியத்தின் மரபியல் ஒன்று முதல் ஆறு அறிவு வரை உயிர்களை வகுக்கிறது. தொடு உணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவு. சென்சாரும் தொட்டறிவதுதானே, அதைப் புல்லோடு சேர்க்கலாமா என்று கேட்கத் தோன்றும். சேர்க்க முடியாது. அங்கே வகுக்கப்படுவது உயிர். புலன்களின் கணக்கு அதற்கு அப்புறம்தான். சர்ல் இதை விரும்பியிருப்பார்.

வியப்பு என்னவென்றால், பொறியாளர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். வெப்ப வசதிக்கான அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 55, வசதி என்பதை டிகிரியில் வரையறுக்கவில்லை. சுற்றியுள்ள வெப்பச் சூழலில் திருப்தி கொள்ளும் ஒரு மனநிலை என்கிறது. இவ்வளவு கணக்குப் போடுகிற துறை, எதற்காகக் கணக்குப் போடுகிறதோ அதை இயந்திரத்துக்கு வெளியே வைத்துவிட்டது.

சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் இன்னும் ஒரு படி போவார். அவருடைய 13-ஆம் நூற்றாண்டு நூலான சிவஞான போதம், உயிரானது மனம் முதலிய அந்தக்கரணங்களில் ஒன்றும் அன்று என்கிறது. சைவ சித்தாந்தத்தில் கண்ணும் காதும் மட்டுமல்ல, மனமும் புத்தியும்கூட மாயையிலிருந்து வந்த சடம், கருவி. கருவிகளின்றி உயிருக்கு எதுவும் விளங்காது. உயிர் கூடாமல் கருவிகளுக்கும் எதுவும் விளங்காது. இந்தக் கண்ணில் பார்த்தால், தெர்மோஸ்டாட் செய்வதும் மனம் செய்வதும் ஒரே வகை வேலை என்பதில் மெக்கார்த்திக்குப் பாதி வெற்றி. அங்கே அறிகிறவர் எவரும் இல்லை என்பதில் சர்லுக்கும் பாதி வெற்றி. ஆனால் அறிகிறவரை மூளையின் உயிரியலில் தேடியதற்காக சர்லையும் சித்தாந்தி விட்டுவைக்க மாட்டார். உயிர் என்று தனியாக ஒன்றை ஏற்காதவர்களுக்கு இந்தத் தீர்ப்பு செல்லாதுதான். இருந்தாலும் மனத்தையும் கருவிப் பட்டியலில் சேர்த்த துணிவு, இன்றைய சர்ச்சையில் பலரிடம் இல்லாத தெளிவு.

தெற்குச் சுவர் சென்சாருக்கு வருவோம். 14 டிகிரி என்று அது சொன்னது தன்னளவில் பொய்யல்ல. வெயில் பட்ட அந்தத் துண்டின் சூடு 14 டிகிரிதான். வெளிக்காற்றைச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் அதை மாட்டியதால்தான், உள்ளே ஒருவருக்குக் குளிர்ந்ததால்தான், அது பிழையாயிற்று. யாரும் இல்லாத பூட்டிய வீட்டில் அதே சென்சாரும் அதே கோடும் எந்தத் தப்பும் செய்யாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ‘ஒருவர்’ யார் என்பதும் எளிதல்ல. டென்மார்க்கின் போல் ஓலே ஃபேங்கர் 1970-ல் வெளியிட்ட வசதிக் கணக்கின்படி, எல்லாருக்கும் ஆகப் பொருத்தமான சூட்டிலும் 100-க்கு 5 பேர் அதிருப்தியோடுதான் இருப்பார்கள். இப்போது சில ஹீட் பம்புகள் அறைச் சென்சாரைப் பார்த்துத் தம் கோட்டைத் தாமே திருத்திக்கொள்கின்றன. எந்த அறை என்பதை மட்டும் அவை கேட்பதில்லை. அதனால் பொருத்துகிறவர், பகலில் வீட்டில் இருப்பவர் யார், எங்கே உட்காருவார் என்று விசாரித்துவிட்டு இடம் குறிப்பது நல்லது. கூடத்துச் சென்சார் 21 காட்டும்போது ஜன்னலோர நாற்காலியில் பாட்டிக்குக் கால் சில்லிட்டால், இடம் மாற வேண்டியது சென்சார். பாட்டியிடம் 21-ஐக் காட்டி வாதாடிப் பயனில்லை.