விருந்தோம்பலும் மதுவும்

சைவாசிரியர்களே,

விருந்தோம்பல் என்னுந் தொடரிலே ஓம்பல் என்பது பாதுகாத்தல் என்னும் பொருட்டு. வந்தவர்க்குச் சோறிட்ட மாத்திரையில் அஃது முற்றுப்பெறாது. அவர் தீங்கின்றித் தம்மில்லம் அடையுமளவும் நம்மைப் பற்றி நிற்கும். அங்ஙனமாக, இல்லத்தான் தன் கையால் மதுவை வார்த்துக் கொடுத்து, அதனை உண்ட விருந்தினன் வழியிலே பிறனொருவனுக்கு ஊறு செய்வானாயின், அவ்வூறு யாரைச் சாரும்? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கள்ளுண்டல் பஞ்சமா பாதகங்களுள் ஒன்று. நாவலரவர்கள் நான்காம் பாலபாடத்திலே அதற்குத் தனிப்பாடம் வகுத்தனர். உண்டவன் அடையுங் கேட்டை நம் மாணாக்கர் நன்கறிவர். ஊட்டினவனைக் குறித்து நாம் அவர்க்குச் சொல்லுவது மிகக் குறைவு. பாவத்தைச் செய்தவனேயன்றிச் செய்வித்தவனும் உடன்பட்டவனும் அதன் பயனை அநுபவிப்பர் என்பது நம் சமயத்தார் துணிபாகவும், "யாங்கள் தொடுவதில்லை, வருபவர்க்கு மரியாதைக்காகக் கொடுக்கின்றோம்" என்று சொல்லிக் கலியாண வீடுகளிலே போத்தல் திறப்பாரும் உளர். யாம் இளமையிற் கற்ற மிசன் பாடசாலையிலே, பிலாத்து என்னுந் தேசாதிபதி நீர் கொணர்வித்துக் கைகழுவிய கதையைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். புறச்சமயத்தார் கதையேனும் இவ்விடத்துக்கு நன்கு பொருந்தும்.

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நியூ ஜேர்சியிலே, 1980ஆம் ஆண்டு சனவரி மாதம், ஒருவர் தம் நண்பரை மோட்டார் வண்டியில் ஏற்றிவந்து அவர் வீட்டிலே சேர்த்தார். நண்பர் அவரை உள்ளே அழைத்து விஸ்கி கொடுத்து உபசரித்தார். ஓரிரு மணிநேரங் கழிந்தபின் அவரோடு வண்டிவரைக்கும் நடந்து சென்று, பேசி, அவர் வண்டியைச் செலுத்திக்கொண்டு போதலைப் பார்த்து நின்றார். ஏறக்குறைய 25 நிமிடஞ் சென்றபின், போனவர் சேமமாய்ச் சேர்ந்தாரோ என்று தொலைபேசியிற் கேட்டார். அவர் வண்டி எதிர்வந்த வண்டியொன்றோடு நேர்மோதியது என்று மனைவியார் விடையிறுத்தனர். எதிர்வண்டியிலிருந்த பெண்ணொருத்தி கொடிய காயமடைந்தாள்.

அன்பர்களே, அத்தொலைபேசியை ஊன்றி நோக்குமின். நண்பர் சேமத்தை விசாரித்தல் நற்குணமே. ஆயினும், விடைகொடுத்த பொழுதே எழுந்திருக்க வேண்டிய ஐயம் 25 நிமிடம் பிந்தி எழுந்தது. அதற்குள் யாதொரு குற்றமுஞ் செய்யாத ஒருத்தி நெருப்பனைய துன்பத்தில் வீழ்ந்தாள்.

அவ்விராச்சியத்து உயர்நீதிமன்று 1984இலே தீர்ப்புக் கூறிற்று. விருந்தினன் வெறிகொண்டுள்ளான், அவன் வண்டி செலுத்தப் போகின்றான் என்னும் இரண்டையும் அறிந்துவைத்து மேலும் மது கொடுத்த இல்லத்தான், காயம்பட்ட அயலார்க்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பதே அதன் சாரம். ஒரு நியாயாதிபதி மாத்திரம் மாறுபட்டார். மது விற்றுப் பிழைப்பவனைப்போல, வீட்டுக்காரன் ஒருவனது வெறியின் அளவை அறிய வல்லனல்லன் என்பது அவர் காட்டிய நியாயங்களுள் ஒன்று. 1987இலே சட்டசபையார் இப்பொறுப்பை வரையறுத்து, கண்ணுக்குப் புலப்பட வெறித்திருந்தவனுக்கு ஊற்றினாலன்றி வழக்கில்லை எனச் சட்டஞ் செய்தனர்.

கனடாவின் உயர்நீதிமன்று 2006இலே வேறொரு வழி சென்றது. அவ்வழக்கிலே விருந்தினர் தத்தம் மதுவைத் தாமே கொண்டுவந்தனர். வீட்டார் கொடுத்தது சிறிதே. ஆதலின் வீட்டார்மேற் பொறுப்பில்லை என்றனர். வெறித்தவன் வண்டி செலுத்துவான் என்றறிந்தும் ஊற்றிக்கொண்டே இருப்பவன் நிலையை முடிவுகட்டாது விட்டனர்.

மாறுபட்ட அந்நியாயாதிபதி சொல்லியது ஒருவகையில் மெய்யே. நியூ ஜேர்சி வீட்டிலிருந்தோர் அனைவரும் இரண்டு மூன்று கிண்ணமே உண்டதாகக் கூறினர். இரத்தத்தைச் சோதித்தபோதோ, 13 கிண்ணத்துக்கு ஒப்பான மது இருந்ததென வல்லுநர் கணித்தார். கண் அளந்தறியாது என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா. ஆனால் அதனின்று யாம் கொள்வது அவர் கொண்ட முடிபன்று. அளக்கவியலாத ஒன்றை வார்க்கத் தொடங்கியவன், பின்னர் "யான் கண்டிலேன்" என்று சொல்லித் தப்புதல் எங்ஙனம்? நீதிமன்று, கண்டாயோ அறிந்தாயோ என்று கடைசிக் கிண்ணத்தை நோக்கி வினாவும். தருமமோ முதற் கிண்ணத்தை நோக்கி வினாவும்.

சில வீடுகளிலே கிண்ணத் தட்டை ஏந்திச் செல்லும்படி ஏவப்படுவோர் நம் வகுப்புப் பிள்ளைகளே. மாமனார் ஏவப் பிள்ளை மறுத்தல் எளிதன்று. ஆதலாற் பாலபாடத்துக் கள்ளுண்ணற் பாடத்தை நடத்துங்கால், உண்டவன் கதையோடு அத்தொலைபேசியின் கதையையுஞ் சொல்லுமின். பெற்றோர் கூட்டம் கூடும்போது அவர்க்கும் சொல்லுமின்.