யார் செய்த கப்பல்?

கண்ணாடிப் பேழைக்குள் மரத்தாலான பாய்மரக் கப்பல் மாதிரி ஒன்றைக் கூடத்தில் வைத்திருப்பவரிடம், காண வந்தவர் முதலிற் கேட்பது, "இதனை நீங்களே செய்தீர்களா?" என்பதுதான். "ஆம்" என்ற ஒரு சொல்லே போதுமென்று தோன்றும். ஆயினும், வேண்டிய உறுப்புகள் அனைத்தும் அளவாக வெட்டி நிரப்பப்பட்ட பெட்டியொன்றை விலைக்கு வாங்கி அதிலிருந்து உருவாக்கிய கப்பலாயின், அந்த "ஆம்" முழு உண்மையாகுமா? கூறுபவர் பொய்யராக விரும்பாதவர். தம் உழைப்பைத் தாமே குறைத்துக் கூறவும் மனமில்லாதவர். இவ்விரண்டுக்கும் இடையே அவர் எங்கே நிற்பது?

பெட்டியைத் திறந்து பார்த்தால் ஐயம் வலுக்கவே செய்யும். ஒட்டுப்பலகையில் லேசர் கதிரால் வெட்டிய அடிமரம், அதிற் செருகுவதற்கான பள்ளங்களோடு எண்ணிடப்பட்ட குறுக்குச் சட்டங்கள், கட்டுக்கட்டாக மெல்லிய மரப்பட்டிகள், பித்தளை ஆணிகள், வார்த்தெடுத்த பீரங்கிகள், பல பருமன்களில் நூற்சுருள்கள், துளையிட்ட சின்னஞ்சிறு கப்பிகள், மேசையையே மூடிவிடும் வரைபடங்கள். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வரும் பெட்டிகளில் செய்முறைக் குறிப்பேடும் இருக்கும். அதன் ஆங்கிலத்துக்கு உரை காண்பது தனியொரு கலை என்று இத்துறையினர் சிரித்துக்கொள்வர். கப்பலின் வடிவைக் கண்டவர் ஒருவர், அதனைச் சுருக்கி வரைந்தவர் மற்றொருவர், வெட்டியது இயந்திரம். எஞ்சியிருப்பது பசை தடவுவதுதானே என்று எள்ளுவோர் உளர். பெட்டியின் துணையின்றி, மரத்தை அறுப்பது முதல் யாவற்றையும் தாமே செய்வோர் பெட்டிக் கப்பலைச் சற்றே தாழ்வாக நோக்குவதும் உண்டு.

எள்ளுவோர் பலகை போர்த்தும் கட்டத்தை ஒருமுறையேனும் கண்டிருத்தல் வேண்டும். கப்பலின் வயிறு நடுவில் அகன்று, அணியத்தை நோக்கி ஒடுங்கிச் செல்வது. பெட்டியில் வரும் பட்டிகளோ முனைமுதல் முனைவரை ஒரே அகலமுடையவை. அவற்றை அப்படியே பதித்துக்கொண்டு போனால் அணியத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆதலின் ஒவ்வொன்றையும் முனைநோக்கிச் சிறிது சிறிதாகச் சீவி ஒடுக்குதல் வேண்டும். பின் நீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைத்தல் வேண்டும். இடப்புறம் ஒன்று பதித்தால் வலப்புறமும் ஒன்று பதித்தாக வேண்டும். ஒரே பக்கமாகப் போர்த்திக்கொண்டு போனால் அடிமரமே கோணிவிடும். எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எந்த வளைவில் ஒடியும் என்பவற்றைக் குறிப்பேடு கூறவல்லதன்று. ஒரே கட்டிலிருந்து எடுத்த இரு பட்டிகள்கூட ஒன்றுபோல் வளைவதில்லை. பட்டி ஒடியுமுன் எழும் மெல்லிய முனகலைக் கேட்டுக் கையை நிறுத்தும் பழக்கம் பல மாலைகளில் வருவது; எந்தப் பெட்டியிலும் விலைக்குக் கிட்டாதது.

உழைப்பு மெய்யென்றே கொள்வோம். அதனால் "நான் செய்தேன்" என்பது மெய்யாகிவிடுமா? இதில் நம் பேச்சு வழக்கு மிகவும் தாராளமானது. ஒரு செங்கல்லையும் தொடாதவர் "வீடு கட்டினேன்" என்கிறார்; எவரும் அவரைப் பொய்யர் என்பதில்லை. அதே வீட்டைக் காட்டிக் கொத்தனாரும் "நான் கட்டியது" என்கிறார், அதுவும் பொய்யன்று. இசைத்துறையில் நாம் இத்துணை தாராளமாக இருப்பதில்லை. இயற்றியவர் வேறு, இசையமைத்தவர் வேறு, பாடியவர் வேறு என்று மூன்று வினைச்சொற்களை வைத்துக்கொண்டு அவரவர் பங்கை அவரவர்க்கு அளிக்கிறோம். கப்பல் மாதிரிக்கு அத்தகைய சொற்பாகுபாடு வாய்க்கவில்லை. "செய்தல்" என்ற ஒரே சொல் அனைத்தையும் சுமக்கிறது.

உண்மைக் கப்பல்களையேனும் ஒருவர்தாம் செய்தார் என்று கூற இயலுமா? இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் நீரில் மிதக்கும் "டிரிங்கோமலி" என்னும் போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். நெப்போலியப் போர்களின் காலத்தில் இங்கிலாந்தில் கருவாலி மரத்துக்குப் பஞ்சம் நேர்ந்தது. ஆகவே இக்கப்பலைப் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டப் பணித்தனர். கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர் தலைவர். கப்பல் நீரில் இறங்கியது 1817 அக்டோபர் 12. வடிவமோ, 1782-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய "ஹெபே" என்னும் பிரெஞ்சுக் கப்பலைப் பின்பற்றியது. வரைபடங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. முதலில் அனுப்பியவை, அவற்றை ஏற்றிவந்த "ஜாவா" 1812-இல் பிரேசில் கடற்பகுதியில் அமெரிக்கரோடு பொருது அழிந்தபோது அதனோடு போயின. மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று. வடிவம் பிரெஞ்சுக்காரருடையது, வரைபடம் ஆங்கிலேயருடையது, மரம் மலபாருடையது, கை பம்பாயினுடையது. பெயரோ நம் திருகோணமலையினுடையது! அப்பெயரும் நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1897-இல் தனியார் ஒருவர் வாங்கிப் பயிற்சிக் கப்பலாக்கிப் பெயரை மாற்ற, 1992-இல்தான் பழைய பெயர் மீண்டது.

பிறர் வரைந்ததைப் பார்த்துக் கட்டியவர் என்பதால் வாடியாவைக் கப்பல் கட்டியவரல்லர் என்று எவரும் கூறார். அப்படியாயின் பெட்டிக் கப்பல் செய்பவரும் அவர்க்கு இணையோ? இக்கப்பலின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளமுடையது. 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 25 அங்குலம். ஆறடி மனிதன் ஓரங்குலமாவான். சுருங்குவது அளவு மட்டும் எனில் வாதத்தை இங்கேயே முடித்துவிடலாம். நம் கருத்தில் வேறொன்றும் சுருங்குகிறது. வாடியாவின் பலகை ஒன்று பிளந்திருந்தால் நடுக்கடலில் உயிர்கள் போயிருக்கும். எந்தத் தேக்கைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதற்கு அவர் விடைகூறக் கடமைப்பட்டிருந்தார். நூற்றாண்டுகள் இரண்டு கடந்தும் கப்பல் மிதக்கிறது என்பதே அவரது விடை. பெட்டிக் கப்பலின் பலகை பிளந்தால் மூழ்குபவர் எவருமிலர். சிறிது மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசினால் பிளவு மறைந்துவிடும்.

நெப்போலியப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முதலிய சிறைமுகாம்களில் இருந்த பிரெஞ்சுக் கைதிகள், உணவில் எஞ்சிய எலும்புகளைச் சீவிக் கப்பல் மாதிரிகள் செய்து விற்றனர். கையில் வரைபடம் இல்லாமையால் பலவற்றின் அளவுகள் பிழைபட்டன. இன்றைய பெட்டியொன்றிலிருந்து வரும் கப்பல் அவற்றினும் சரியான உருவமுடையது. ஆயினும் "யாருடையது?" என்ற வினா அவ்வெலும்புக் கப்பல்களின்முன் எழுவதேயில்லை, அவற்றின் பிழைகளும் செய்தவர்க்கே உரியவை.

ஆகவே, எதற்கு நாம் விடைகூற ஆயத்தமாக இருக்கிறோமோ அந்த அளவே நாம் செய்தது என்று கொள்ளலாமெனத் தோன்றுகிறது. இங்கே பெட்டிக் கப்பலுக்கே உரிய சோதனை ஒன்று குறுக்கிடுகிறது. பெரும்பாலான பெட்டிகளில் பலகை இரண்டு அடுக்காக வரும். முதலடுக்கு லிண்டன் போன்ற மலிவான மெல்லிய மரம். அதனை முழுவதும் மூடுவதாகப் பெரும்பாலும் வால்நட் மரத்தின் மிக மெல்லிய இரண்டாம் அடுக்கு. முதலடுக்கில் மேடுபள்ளம் இருந்தால் இரண்டாவது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்வது கட்டாயமாகிறது. ஆனால் இடுக்குகளைச் செவ்வையாகச் சேர்த்தோமா, அன்றிப் பூச்சைக் கொண்டு அடைத்தோமா என்பதை எக்காலத்தும் எவரும் அறியப்போவதில்லை. செவ்வையாகச் சேர்ப்பதற்குப் பல மாலைகள் கூடுதலாகும். கடலும் அதனைத் தேர்வு செய்யாது, விருந்தினரும் வினவமாட்டார். அந்த மாலைகளைக் கொடுத்தவர், "செய்தேன்" என்று கூறும்போது தம் பங்கைவிடக் கூட்டிக் கூறியவராகார் என்பதே நம் துணிபு. பூச்சால் அடைத்தவர் கூறினால்? அவருடைய கூடத்திலும் அதே அழகோடு ஒரு கப்பல் நிற்கும். கேட்பவர்க்கு இருவர் சொல்லும் ஒன்றாகவே ஒலிக்கும்.

மாதிரிக் கப்பல் செய்வோரிற் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. மேல்தளத்தைப் பதித்து மூடுமுன், கப்பலின் உட்புறத்தில் பென்சிலால் பெயரும் நாளும் எழுதி வைப்பர். அந்த இடத்தில் வடிவமைத்தவர் பெயர், பெட்டியை விற்றவர் பெயர், பலகை வளைத்தவர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதுவதற்குத் தாராளமாக இடமிருக்கும். எழுதிய பின் தளத்தை ஒட்டி, பசை உலரும் வரை மேலே கனமான நூல்கள் இரண்டை வைத்துவிட்டு, பாய்மரங்களைச் சீவத் தொடங்கலாம்.