தொடாத கை

ஒரு பறவையைக் காப்பாற்ற மரங்களை வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் நமக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பின்னால் யாரோ மரவியாபாரி இருக்கிறார் என்று தோன்றும். வட அமெரிக்காவின் ரஃப்டு கிரவுஸ் விஷயத்தில் அந்தச் சந்தேகம் பாதிதான் சரி.

கிரவுஸ் நம்மூர் கௌதாரியின் குடும்பம். சின்னக் கோழி அளவு இருக்கும். வசந்தத்தில் ஆண் பறவை, விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஏறி நின்று இறக்கைகளால் காற்றை அடிக்கும். தூரத்தில் யாரோ பழைய மோட்டாரை ஸ்டார்ட் செய்வது போலக் கேட்கும். இப்படி மத்தளம் கொட்டி ஊரைக் கூட்டுகிற பறவைக்கு ஒளியவும் இடம் வேண்டுமே! வல்லூறு எளிதில் புக முடியாதபடி நெருக்கமாக நிற்கும் இளமரங்கள்தான் அந்த இடம். குஞ்சுகள் முதல் சில வாரங்கள் பூச்சிகளைத் தின்று வளரும். அதற்கு வெயில் விழுகிற, செடி அடர்ந்த தரை வேண்டும். பனிக்காலத்திலோ வளர்ந்த ஆஸ்பென் மரங்களின் மொட்டுகள்தான் சோறு. ஆக, ஒரே பறவைக்குப் பல வயதுக் காடுகள் பக்கத்தில் பக்கத்தில் தேவை.

மினசோட்டாவில் பல ஆண்டுகள் இந்தப் பறவையை ஆராய்ந்த கார்டன் கலியன் இதற்கு ஒரு வழி சொன்னார். 40 ஏக்கர் ஆஸ்பென் காட்டை நான்காகப் பிரித்து, சுமார் 10 ஆண்டுக்கு ஒரு பங்கை வெட்ட வேண்டும். ஆஸ்பெனை வெட்டினால், வாழைக்குப் பக்கக் கன்று வருகிற மாதிரி, வேரிலிருந்து ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும்.

'அதெல்லாம் எதுக்கு? இயற்கையை அதன் போக்கில் விட்டுவிடலாமே' என்று கேட்கலாம். எனக்கும் பிடித்த பதில்தான் அது. ஆனால் முன்பு அங்கே இளங்காடுகளை உருவாக்கியவை காட்டுத்தீ, புயல், பீவர் கட்டிய அணைகள், பூர்வகுடிகள் வைத்த தீ. குடியேறியவர்கள் பீவரை ரோமத்துக்காகக் கொன்றார்கள், பூர்வகுடிகளை விரட்டினார்கள், பிறகு தீயையும் அணைத்தார்கள். கைவிடப்பட்ட பண்ணைகளில் காடு முளைத்தபோது கிரவுஸுக்குக் கொஞ்ச காலம் நல்ல நேரம். அந்தக் காடும் இப்போது முதிர்ந்துவிட்டது. வெஸ்ட் நைல் வைரஸ் வேறு சேர்ந்துகொண்டது. 2020-ல் இந்தியானா மாநிலம் இப்பறவையை அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவும் நடந்த பிறகு 'இனி நான் தொடமாட்டேன்' என்பது அப்பாவித்தனம் ஆகுமா? என் தொழிலில் டீஃபால்ட் என்று ஒன்று உண்டு. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுதான் ஓடும். ஆனால் அதையும் ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் வைத்திருக்கிறார்.

சரி, சந்தேகத்தின் மறுபாதி? கிரவுஸுக்காக அதிகம் பேசுபவர்கள் அதை வேட்டையாடுபவர்கள். 1961-ல் தொடங்கிய ரஃப்டு கிரவுஸ் சொசைட்டி வேட்டைக்காரர்கள் நிரம்பியது. சுடுவதற்காகக் காப்பாற்றுவதா என்று நமக்கு உறுத்தும். உறுத்தட்டும். நோக்கம் கலப்படம் என்பதால் பறவையின் தேவை பொய்யாகிவிடாது. அதே இளங்காட்டை நம்பித்தான் பொன்னிற இறக்கை வார்ப்ளர் என்ற சின்னப் பறவையும் கூடு கட்டுகிறது. ஆனால் முதிர்ந்த காட்டுக்கும் குடிமக்கள் உண்டு. இந்தியானாவின் ஹூசியர் தேசியக் காட்டில் ஹூஸ்டன் சவுத் என்ற வெட்டும் திட்டம் நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தவர்களின் கவலைகளில் ஒன்று, ப்ளூமிங்டன் நகரம் குடிக்கும் மன்றோ ஏரித் தண்ணீர்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது எனக்குப் பிடி கொடுப்பது காலக் கணக்கு. 10 வயதுக் காட்டை 10 வருஷத்தில் உண்டாக்கிவிடலாம். 200 வயதுக் காட்டுக்கு 200 வருஷம் காத்திருந்தே ஆக வேண்டும். குறுக்கு வழி கிடையாது. அதனால் ஏற்கனவே வெட்டி முளைத்த இடங்களில், சின்னச் சின்னத் துண்டுகளாக, முறை வைத்து வெட்டலாம். மூத்த காட்டை விட்டுவிட வேண்டும்.

இதிலும் சிலது சாகும். வெட்டச் சொல்பவர் யாருடைய கூடு போகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெட்டாதே என்பவருக்கும் அதே கடமை உண்டு: எந்த மேட்டில் மத்தளச் சத்தம் நின்றுபோகும் என்று அவர் சொல்லட்டும்.