உலையில் ஒரு பிடி

ஒரு கட்டு அரைக்கீரையை ஆய்ந்து முடிக்க ஒரு ஆளுக்கு இருபது நிமிடம் ஆகும். பழைய செய்தித்தாளை விரித்துக் கட்டைப் பிரிக்க வேண்டும். கூடவே வந்த புல்லைப் பொறுக்கி, பழுத்த இலையையும் பூச்சி அரித்ததையும் ஒதுக்கி, இளந்தண்டைக் கிள்ளிச் சேர்த்து, மண் போக மூன்று தண்ணீரில் அலச வேண்டும். அதன் பிறகுதான் அடுப்பு. நாலு பல் பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, பச்சை நிறம் மாறாமலிருக்கச் சட்டியை மூடாமல் வேகவிட்டு மத்தால் கடைந்தால், நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு கரண்டி தேறும். அடுப்படியில் ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாகப் போனது தட்டில் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பக்கத்திலேயே ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டைக் கிழித்துக் கொதிநீரில் போட்டால், கீரையை அலசி முடிப்பதற்குள் வயிறு நிறைந்துவிடும். நேரக் கணக்கில் கீரை தோற்றுத்தான் போகும். அந்த ஒரு கணக்கை மட்டும் வைத்துச் சாப்பாட்டைத் தீர்மானிப்பது சரியா என்பதே கேள்வி.

வசதியைத் தேடுவது தவறல்ல. ஆட்டுக்கல்லில் ஒரு படி அரிசியும் உளுந்தும் ஆட்டி எழுந்த தோள்களின் வலி பொய்யல்ல. கோயம்புத்தூர்க் கிரைண்டர் வீடுகளுக்குள் வந்ததும், 2011 முதல் தமிழக அரசு மிக்ஸியும் கிரைண்டரும் விலையில்லாமல் கொடுத்ததும் பெண்களின் உடம்புக்குக் கிடைத்த விடுதலை. அம்மிக்குத் திரும்பு என்று எவரும் எவருக்கும் சொல்ல நியாயமில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிரைண்டர் வந்த பிறகும் உளுந்து எவ்வளவு, மாவு பொங்கிய பதம் போதுமா, உப்பு சரியா என்பதையெல்லாம் சமைப்பவரே முடிவு செய்தார். இயந்திரம் வாங்கிக்கொண்டது கையின் வேலையை மட்டும். தயார் உணவோ நாக்கின் முடிவையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. உப்பு எவ்வளவு, எண்ணெய் எது, எந்த மணம் எந்த ரசாயனத்திலிருந்து வர வேண்டும் என்பதெல்லாம், சாப்பிடப்போகிறவர் முகத்தை ஒருநாளும் பார்க்காத ஒரு தொழிற்சாலையில் முடிவாகிவிடுகிறது.

இது வெறும் பழைமைப் பற்று அல்ல. 2019-ல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் வெகுவாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஏறக்குறைய ஒன்றே. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, முதல் வகையில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடையும் ஏறியது. ‘போதும்’ என்று சொல்லும் அறிவு உடம்புக்கு இருக்கிறது. அந்தக் குரல் கேட்காதபடி ஒரு பண்டத்தால் செய்துவிட முடிகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. அத்தனைக்கும் பாக்கெட்டைக் காரணம் காட்டுவது நேர்மையாகாது. ஆனாலும் அந்த எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டபின், பிள்ளையின் கையில் தினமும் எதைக் கொடுக்கிறோம் என்பதை வெறும் ருசி விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

உடம்புக்கு அப்பாலும் ஒன்று உண்டு. உலை வைக்கும் வீட்டில் அரிசியை ஆழாக்கால் அளந்து போட்டபின், கை தானாக இன்னொரு பிடியை அள்ளிப் போடும். யாருக்கென்று தெரியாது. பள்ளி விட்டுப் பிள்ளையோடு வரும் அதன் சிநேகிதனுக்காக இருக்கலாம், ஊரிலிருந்து சொல்லாமல் வரும் சித்தப்பாவுக்காக இருக்கலாம், யாரும் வராவிட்டால் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் பழைய சோறாகலாம். குழம்பில் ஒரு டம்ளர் தண்ணீரும் ரசத்தில் ஒரு தக்காளியும் சேர்த்தால் இன்னொருவருக்கும் இலை போட்டுவிடலாம். செயலியில் வரவழைக்கும் பொட்டலத்துக்கு இந்த நெகிழ்வு கிடையாது. மூன்று பேருக்கு மூன்று டப்பா. நாலாவது ஆள் வாசலில் வந்து நின்றால் அவர் தொந்தரவாகிவிடுகிறார். விருந்தோம்பல் என்று நாம் பெருமையாகப் பேசுவதெல்லாம் அந்த ஒரு பிடி அரிசியில்தான் உயிரோடு இருந்தது.

இவ்வளவும் உண்மை. இதே வாதம் பெரும் அநியாயத்துக்குத் துணை போயிருக்கிறது என்பதும் உண்மை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அந்த ஆண்களும் நூற்றுக்கு 26 பேர்தான். மற்றவர்கள் அந்த வேலையைத் தொடவே இல்லை. அலுவலகம் போய்வந்த பெண் இரவு எட்டு மணிக்குப் புடவை மாற்றாமல் அடுப்பின் முன் நிற்க, கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் ‘வீட்டுச் சாப்பாடு போல வருமா’ என்று சொல்வது பாராட்டாகாது. கைமணம் என்ற அழகான சொல்லைக் கூலிக்குப் பதிலாகக் கொடுத்துப் பல தலைமுறைகளை ஒப்பேற்றியிருக்கிறோம். அந்தப் பெண் ஒருநாள் களைத்துப்போய் ஒரு பாக்கெட்டைக் கிழித்தால், அவரைக் குற்றம் சொல்லும் தகுதி அந்த வீட்டில் தட்டோடு காத்திருக்கும் எவருக்கும் இல்லை.

அடுப்பே இல்லாத மேன்ஷன் அறையில் மூன்று பேரோடு தங்கியிருக்கும் இளைஞருக்கும், இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் செவிலியருக்கும் இந்த உபதேசம் பொருந்தாது. அவர்களுக்குத் தெருமுனையில் இட்லி ஊற்றும் அக்காவின் கடை பெரிய துணை. முந்தைய நாள் ஆட்டிய மாவு, கண்ணெதிரே ஆவி பறக்கும் தட்டு, அப்போதுதான் தாளித்த சட்னி. அது வீட்டுக்கு வெளியே நடக்கும் வீட்டுச் சமையல்தான். ஆகவே கோடு வீட்டு வாசற்படியில் இல்லை. சமைப்பவர் கண்ணுக்குத் தெரிகிறாரா, இன்றைக்குச் சாப்பிட இன்றைக்குச் செய்ததா என்பதில் இருக்கிறது. தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கியபோது, பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து வேலையைச் சுலபமாக முடித்திருக்கலாம். உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சுடச்சுடச் சமைத்துப் போடுவது என்றே முடிவானது. ஏழைக் குழந்தைக்கும் அன்றைக்குச் சமைத்த சாப்பாடு உரியது என்ற மதிப்பு அந்த முடிவில் இருக்கிறது.

அப்படியானால் கடமை யாருடையது? சமைப்பவருடையது என்றே காலமெல்லாம் எழுதிவந்திருக்கிறோம். அது சாப்பிடுபவருடையது. புதிதாகச் சமைத்த சோறு வேண்டும் என்று யாருக்கெல்லாம் ஆசையோ, அவர்கள் எல்லாருடைய கையும் ஈரமாக வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு அரிசி களையத் தெரிய வேண்டும். பதினைந்து வயதில் அவன் ரசம் வைக்க வேண்டும், பருப்பு வெந்த வாசனைக்கும் அடிப்பிடித்த வாசனைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வு பெற்றவருக்குத் தேங்காய் துருவுவது கௌரவக் குறைவல்ல. நாலு பேர் இருக்கும் வீட்டில் கீரைக்கட்டைக் கூடத்தின் நடுவில் பிரித்துப் போட்டால், சின்னது புல்லைப் பொறுக்கும், பெரியவர் தண்டைக் கிள்ளுவார், பள்ளியில் நடந்த சண்டை ஒன்று பாதியில் தெரியவரும். அது பேசி முடிவதற்குள், இருபது நிமிட வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்து, கீரை அலசத் தயாராக இருக்கும்.