மூன்று ரிப்போர்ட், ஒரே மாடல்

பவர் பிஐ டெஸ்க்டாப்பில் இரண்டு பிபிஐஎக்ஸ் கோப்புகளைக் காட்டி ‘இவற்றை ஒன்றாக்கு’ என்று சொல்ல ஒரு பொத்தான் கிடையாது. 2015-இல் மென்பொருள் வெளிவந்த நாளிலிருந்து மாதந்தோறும் வசதிகள் கூடிக்கொண்டே இருக்கின்றன. இது மட்டும் வரவில்லை. ஒரு பிபிஐஎக்ஸ் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அதற்கான காரணம் தெரியும்.

அந்தக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதன் அடித்தளத்தில், தரவை எங்கிருந்து எடுத்து எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்லும் பவர் குவெரி படிகள் இருக்கின்றன. அதன் மேல் சுருக்கிச் சேமித்த டேபிள்களும், அவற்றை இணைக்கும் உறவுகளும், டாக்ஸ் மொழியில் எழுதிய மெஷர்களும் சேர்ந்த டேட்டா மாடல். எல்லாவற்றுக்கும் மேலே நம் கண்ணில் படும் பக்கங்கள், விஷுவல்கள். ஒன்றாக்க வேண்டும் என்றதும் எல்லோரும் பக்கங்களைத்தான் நினைக்கிறார்கள். வேலையும் சிக்கலும் அதற்குக் கீழே உள்ள மாடலில் இருக்கின்றன.

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விற்பனைக்கு ஒரு கோப்பு, சரக்கு இருப்புக்கு ஒன்று, வசூலுக்கு ஒன்று. மூன்றையும் மூன்று பேர் தயாரித்திருக்கிறார்கள். மூன்றையும் ஓரிடத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் தேவை என்றால் கோப்புகளைத் தொடவே வேண்டாம். மூன்றையும் ஒரே வொர்க்ஸ்பேஸில் பதிப்பித்து, ஒரு பவர் பிஐ ஆப்பாகக் கட்டிக் கொடுத்தால் படிப்பவருக்கு இடது பக்கத்தில் ஒரே பட்டியலாகத் தெரியும். ஆனால் முதலாளி வேறொன்று கேட்கிறார்: ‘பணம் வராத கடைக்கே மேலும் சரக்கு போய்க்கொண்டிருக்கிறதா?’ விற்பனையும் வசூலும் ஒரே வாடிக்கையாளர் பட்டியலின் கீழ் நின்றால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். இப்படியொரு கேள்வி இருந்தால் மட்டும் மாடல்களை ஒன்றாக்குவதில் இறங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறங்கும் முன் காகிதத்தில் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாம். டேட்டா வேர்ஹவுஸ் துறையில் ரால்ஃப் கிம்பல் பரப்பிய பழைய முறை இது. வரிசைகளில் விற்பனை, இருப்பு, வசூல் என்று நடவடிக்கைகள். நெடுக்கில் தேதி, வாடிக்கையாளர், பொருள், கிடங்கு என்று பார்வைக் கோணங்கள். எந்த நடவடிக்கைக்கு எந்தக் கோணம் பொருந்துமோ அந்தக் கட்டத்தில் ஒரு குறி. தேதியின் கீழ் மூன்று குறியும் விழும். வாடிக்கையாளரின் கீழ் விற்பனைக்கும் வசூலுக்கும் விழும், இருப்புக்கு விழாது. ஒன்றுக்கு மேற்பட்ட குறி விழுந்த நெடுக்குகள்தான் புதிய மாடலின் பொது டேபிள்கள். அவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் இருக்க வேண்டும்.

இனி கோப்புகளைத் திறக்கலாம். மிக நேர்த்தியாகச் செய்யப்பட்ட மாடல் எதுவோ அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றின் பவர் குவெரி எடிட்டரில் தேவையான குவெரிகளை நகலெடுத்து இதில் ஒட்டினால், அவை சார்ந்திருக்கும் குவெரிகளும் பாராமீட்டர்களும் கூடவே வந்துவிடும். உறவுகள், மெஷர்கள், கணக்கிட்ட நெடுவரிசைகள், டாக்ஸில் உருவாக்கிய டேபிள்கள் எதுவும் வராது. அவை மாடலைச் சேர்ந்தவை, குவெரியைச் சேர்ந்தவை அல்ல.

ஒரே மாதிரித் தரவு ஆண்டுவாரியாகப் பிரிந்து கிடந்தால் அப்பெண்ட் செய்து ஒரே டேபிளாக்க வேண்டும். பவர் குவெரி அப்போது நெடுவரிசைகளைப் பெயரை வைத்தே பொருத்துகிறது. ஒன்றில் ‘பில் எண்’ என்றும் மற்றொன்றில் ‘பில்எண்’ என்றும் இருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. பாதி பாதி காலியாக இரண்டு நெடுவரிசைகள் வரும். விற்பனையும் வசூலும் அப்படியல்ல. அவை வெவ்வேறு நிகழ்வுகள், தனித்தனி டேபிள்களாகவே நிற்க வேண்டும். இரண்டையும் நேரடியாக உறவில் கட்டவும் கூடாது. நடுவில் வாடிக்கையாளர் டேபிளும் தேதி டேபிளும் நின்று இரு பக்கமும் வடிகட்டட்டும்.

அந்தப் பொது வாடிக்கையாளர் டேபிளில்தான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும். விற்பனைக் கோப்பில் பெரிய ஆங்கில எழுத்தில் இருக்கும் வாடிக்கையாளர் குறியீடு வசூல் கோப்பில் சிறிய எழுத்தில் இருக்கலாம். பவர் குவெரிக்கு இவை இரண்டு வெவ்வேறு மதிப்புகள். டேட்டா மாடலுக்கோ இரண்டும் ஒன்றே. இறுதியில் இருக்கும் இடைவெளியும் அப்படித்தான்: குவெரி அதைப் பார்க்கும், மாடல் வெட்டிவிடும். அதனால் பவர் குவெரியில் இரட்டிப்புகளை நீக்கிய பிறகும், ஒன்றுக்குப் பல என்ற உறவு போடும்போது மாடல் ‘ஒரே மதிப்பு பலமுறை இருக்கிறது’ என்று மறுக்கும். இடைவெளிகளை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே எழுத்து வகைக்கு மாற்றி, அதன் பிறகே இரட்டிப்புகளை நீக்குங்கள். இந்த வரிசை மாறினால் பலன் இல்லை. பெயரை வைத்துப் பொருத்தலாமே என்று தோன்றும். ஒரே பெயரில் இரு ஊர்களில் கடைகள் இருக்கக்கூடும் என்பதால் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தேதி டேபிளும் ஒன்றே போதும். தானியங்கித் தேதி வசதி இயங்கினால் ஒவ்வொரு தேதி நெடுவரிசைக்கும் மறைவாக ஒரு டேபிள் உருவாகி கோப்பு வீங்கும். அதை அணைத்துவிடுவது நல்லது.

அடுத்து மெஷர்கள். ஒரு மாடலில் ஒரு பெயரில் ஒரு மெஷர்தான் இருக்க முடியும். மூன்று கோப்பிலும் ‘மொத்த விற்பனை’ இருந்தால் எது தங்குவது? ஒருவர் ஜிஎஸ்டியைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் கழித்திருப்பார், மூன்றாமவர் திரும்பி வந்த சரக்கையும் கழித்திருப்பார். ஆண்டுக் கூட்டலிலும் இதே கதை: நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது என்று டோட்டல்ஒய்டிடி செயல்பாட்டுக்குச் சொல்லாவிட்டால் அது ஜனவரியிலிருந்தே கூட்டும். மென்பொருளால் தீர்மானிக்க முடியாத இடம் இதுதான். அந்தப் பொத்தான் இல்லாததற்குக் காரணமும் இதுதான். கணக்குப் பிரிவினரையும் விற்பனைப் பிரிவினரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எந்தத் தொகைக்கு எந்தப் பெயர் என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு வரையறையும் தேவையென்றால் இரண்டையும் வெவ்வேறு பெயரில் வைத்துக்கொள்ளலாம். முடிவானதும் மெஷர்களைக் கொண்டுவருவது எளிது. டேபுலர் எடிட்டர் என்ற தனிக் கருவி வழியாக மொத்தமாக நகலெடுக்கலாம். அல்லது கோப்பைப் பிபிஐபி வடிவில் சேமித்தால் மாடல் முழுவதும் டிஎம்டிஎல் உரையாகப் பிரிந்து கிடக்கும், படித்துப் பார்த்தே ஒட்டலாம்.

பக்கங்களுக்கு இப்போதுதான் முறை. ஒரு பக்கத்தின் விஷுவல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-சி அழுத்தி, புதிய கோப்பின் காலிப் பக்கத்தில் கண்ட்ரோல்-வி அழுத்தினால் போதும். டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயரும் பழையபடியே இருந்தால் விஷுவல்கள் உடனே உயிர் பெறும். மாறியிருந்தால் பிழை காட்டும். புக்மார்க்குகள் இப்படி ஒட்டும்போது வராது. யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் ரோல்களும் அப்படியே. சம்பளம் போன்ற தரவு இருக்கும் கோப்பை மட்டும் தயவுசெய்து இதில் கலக்காதீர்கள். பக்கத்தை மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. மாடலில் தரவு இருக்கும்வரை அதை எடுக்க வழி உண்டு.

இவ்வளவு செய்த பிறகும், எல்லாப் பக்கங்களும் ஒரே கோப்பில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றுபட்ட மாடலைத் தனியாகப் பதிப்பித்து, லைவ் கனெக்‌ஷன் மூலம் அதிலிருந்து மூன்று மெல்லிய ரிப்போர்ட்களை உருவாக்கலாம். அவற்றில் பக்கங்கள் மட்டும் இருக்கும், தரவு இருக்காது. மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடத்தில் நான் இதையே தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் ஒரே பிபிஐஎக்ஸ் கோப்பை இருவர் ஒரே சமயத்தில் திருத்திச் சேமித்தால் ஒருவரது வேலை அழியும். புரோ உரிமத்தில் ஒரு மாடலுக்கு 1 ஜிபி வரம்பு, நாளொன்றுக்கு 8 திட்டமிட்ட புதுப்பிப்புகள் என்ற கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பதற்கு, பழைய ரிப்போர்ட்களின் மாதவாரித் தொகைகளை வேலை தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். புதியதில் ஒவ்வொரு மாதமும் அதே தொகை வருகிறதா, வரவில்லையென்றால் வரையறை மாறியதாலா அல்லது பிழையாலா என்று பாருங்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் எதிரே ஒரே தொகை திரும்பத் திரும்ப வந்தால் அங்கே உறவு விட்டுப்போயிருக்கிறது. வாடிக்கையாளர் பெயர் காலியாக இருக்கும் ஒரு வரியில் தொகை சேர்ந்திருந்தால், பொது டேபிளில் இல்லாத குறியீடுகள் பரிமாற்றத்தில் இருக்கின்றன. ஒரு மாத முடிவுக் கணக்கு பழையதிலும் புதியதிலும் ஒத்துப்போன பிறகு, பழைய மூன்றின் திட்டமிட்ட புதுப்பிப்பை நிறுத்தி, தேதியிட்ட நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வொர்க்ஸ்பேஸிலிருந்து நீக்கிவிடலாம்.