வீட்டு அநீதியும் வெளி அநீதியும்

சிறுபான்மைச் சமூகமொன்றிலிருந்து எழுத வருகின்ற எவரையும் ஒரு கேள்வி விடாமல் துரத்துகின்றது. பெரும்பான்மையினர் தன் சமூகத்துக்கு இழைக்கும் அநீதியை எழுதினால் சொந்தச் சனம் கைதட்டும். அதே சமூகத்துக்குள் நடக்கும் அநீதியை எழுதினால், பொல்லுக் கொடுத்து அடி வாங்கித் தருகிறான் என்று அதே சனம் ஏசும். அப்படியானால் உள்வீட்டு அநீதியை எழுதாமல் விடுவது நியாயமாகுமா?

இதனை வெறும் தத்துவ விசாரமாகப் பேசுவதிலும் பார்க்க, அரங்கில் நேரடியாக எதிர்கொண்ட ஒருவரை வைத்துப் பேசுவது பயன் தரும் என எண்ணுகின்றேன். நாடகாசிரியர் ராகுல் வர்மா இந்தியாவில் பிறந்து 1976 இல் கனடாவில் குடியேறியவர். 1981 இல் மொன்றியல் நகரில் அவரும் நண்பர்களும் தொடங்கிய நாடகக் குழுவின் பெயர் 'தீஸ்ரீ துனியா'; மூன்றாம் உலகம் என்பது பொருள். 1987 இல் அந்நகரில், ஆயுதமெதுவும் வைத்திராத 19 வயதுக் கறுப்பின இளைஞர் அந்தனி கிரிஃபின் பொலிஸ் நிலையத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட பொலிஸ்காரர் நீதிமன்றத்தில் விடுதலையானார். அந்தக் கொலையைப் பின்னணியாகக் கொண்டு வர்மா இன்னொருவருடன் சேர்ந்து நாடகம் எழுதினார். இத்தகைய நாடகத்தில் யார் பக்கம் நிற்பது என்பதில் குடியேறியவர்களுக்குத் தடுமாற்றம் இராது.

தடுமாற்றம் 1996 இல் அரங்கேறிய 'கவுண்டர் ஒஃபென்ஸ்' நாடகத்தில் வருகின்றது. ஈரானியர் ஒருவர் தெற்காசியப் பெண்ணான தன் மனைவியை அடித்ததற்காகக் கைதாகிறார். கைது செய்பவர் வெள்ளையினப் பொலிஸ் அதிகாரி. நிறவாதத்துக்கு எதிராக உழைக்கின்ற தெற்காசியச் செயற்பாட்டாளர் ஒருவர், இது பொலிஸாரின் இனத்துவேசம் என்று கணவனுக்காகக் களமிறங்குகிறார். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக உழைக்கும் கறுப்பினப் பெண்மணியோ மனைவியின் பக்கம் நிற்கிறார். பொலிஸாரின் இனத்துவேசமும் உண்மை. மனைவியின் உடம்பில் விழுந்த அடியும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று வாயடைக்கப் பார்க்கின்றன.

"இப்போது பேசாதே" என்கின்ற குரலை நான் இலேசாகத் தட்டிக்கழிக்க மாட்டேன். அதற்கும் நியாயமுண்டு. அடிபட்ட மனைவியின் கதையைப் பார்த்துவிட்டு, "இவர்கள் இப்படித்தான்" என்ற பழைய எண்ணத்தோடு வீடு திரும்பும் பார்வையாளன் எந்த அரங்கிலும் இருப்பான். அவன் மனதில் என்ன பதியும் என்பது நாடகாசிரியரின் கையில் இல்லை.

2004 டிசெம்பரில் பேர்மிங்ஹாமில் நடந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். பிரித்தானியாவில் பிறந்த சீக்கியப் பெண்ணான குர்ப்ரீத் கவுர் பட்டி எழுதிய 'பெஹ்ஸ்தி' நாடகம், ஆர்ப்பாட்டம் வன்முறையாக மாறியதால் நிறுத்தப்பட்டது. குருத்வாராவுக்குள் நடக்கும் பாலியல் வன்முறையும் கொலையும் அதில் வந்தன. கதைக்களத்தைச் சமூக நிலையமொன்றுக்கு மாற்றும்படி சமூகப் பிரதிநிதிகள் கேட்டிருந்தனர். புனித இடத்தின் மரியாதை பற்றிய அவர்களது வேதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மரியாதையின் நிழலில்தான் குற்றவாளி ஒளிந்திருக்கிறான் என்பதே நாடகத்தின் வாதம் எனலாம். இடத்தை மாற்றினால் வாதமே போய்விடும்.

"இப்போது வேண்டாம்" என்று சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சமூகத்தின் மானம் காக்கப்படுகின்றது. அதற்காக அடியை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருப்பவள் மனைவி. மானம் ஒருவருக்கு, விலை இன்னொருவருக்கு என்றால் அதனை ஒற்றுமை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனினும் உள்ளே நடப்பதை மட்டும் எழுதி, வெளியே நடப்பதை மறந்துவிடுவதும் அநீதியே. அப்படி எழுதுபவருக்குப் பெரும்பான்மையினரின் மேடைகள் இலகுவில் திறக்கும். வர்மாவின் 2001 ஆம் ஆண்டு நாடகமான 'போபால்' இவ்விடத்தில் நல்ல பாடம். 1984 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு யூனியன் கார்பைட் பூச்சிகொல்லித் தொழிற்சாலையிலிருந்து கசிந்த நச்சுவாயு, மத்தியப் பிரதேச அரசின் கணக்கின்படியே 3,787 பேரைக் கொன்றது. வெளிநாட்டுக் கம்பனியை மட்டும் குற்றவாளியாக்கியிருந்தால் நாடகம் சுலபமாகியிருக்கும். வர்மாவோ இந்தியரான முகாமையாளரையும் இந்திய அமைச்சரையும் சேர்த்தே கூண்டில் ஏற்றினார்.

இதில் ஆபத்தும் இருந்தது. உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் நாசவேலையே காரணம் என்றுதான் யூனியன் கார்பைட்டும் வாதாடியது. 1989 இல் 47 கோடி டொலருடன் அது கணக்கை முடித்துக்கொண்டது. அதன் தலைவர் வாரன் அண்டர்சன், இந்திய நீதிமன்ற விசாரணைக்கு முகங்கொடுக்காமலேயே 2014 இல் காலமானார். 2010 இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர்கள் இந்திய அதிகாரிகள் மட்டுமே. அதுவும் இரண்டு வருடம். நாடகமோ உள்ளூர்க்காரரை ஏற்றிய கூண்டிலிருந்து கம்பனியை இறக்கிவிடவில்லை. போபாலில் வாழ்ந்த ஹபீப் தன்வீர் அதனை 'ஸஹ்ரீலி ஹவா' என்ற பெயரில் இந்தியில் மேடையேற்றினார். தூரதேசத்தில் எழுதப்பட்ட வழக்கு, அந்த ஊர் மக்களின் மொழியிலும் பேசப்பட்டது.

அநீதி யாருடையது என்று பார்த்து எழுதுவதோ எழுதாமல் விடுவதோ எழுத்தாளரின் வேலையல்ல என்பதே என் முடிவு. ஆனால் உள்வீட்டைத் திறந்து காட்டுபவர், வாசலில் நிற்கும் பொலிஸ்காரனையும் சேர்த்தே காட்ட வேண்டும். அப்படிச் செய்பவருக்கு இரு பக்கத்திலிருந்தும் ஏச்சு வரும். அடிபட்டவளுக்காக ஒரு பக்கத்திலிருந்துகூடக் குரல் எழாதிருப்பதோடு ஒப்பிட்டால், அது பெரிய விலையல்ல.